மென்பொருளுக்கு முழு விலையும் ஆண்டுச் சந்தாவும்: சிறு அலுவலகம் எதற்குப் பணம் கட்டலாம், எதை விடலாம்

பத்துப் பதினைந்து கணினிகளை வைத்து நடக்கும் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் செலவு பற்றிய பேச்சு பெரும்பாலும் மார்ச் மாதக் கடைசியில்தான் எழுகிறது. டீலர் ரெனிவல் பட்டியலை அனுப்புவார். கணக்காளர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "போன வருடம் இவர்களை ஒரு முறைகூடக் கூப்பிடவில்லையே, எதற்குப் பணம்?" என்று கேட்பார். உரிமையாளர் ஒன்று முழுவதையும் கட்டிவிடுவார், இல்லையென்றால் முழுவதையும் நிறுத்திவிடுவார். இரண்டுமே கணக்குப் பார்க்காமல் எடுக்கும் முடிவுகள். மென்பொருளுக்கு நாம் கொடுக்கும் தொகையில் மூன்று தனித்தனிச் சரக்குகளின் விலை கலந்திருக்கிறது: நிரலைப் பயன்படுத்தும் உரிமை, அதற்கு வரும் புதுப்பிப்புகள், சிக்கல் வரும்போது ஒரு மனிதர் தரும் உதவி. இந்த மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நம் அலுவலகத்தில் என்ன மதிப்பு என்று பார்த்தால், எவ்வளவு கொடுக்கலாம் என்பது தானாகவே தெளிவாகிவிடும். என் கருத்து இதுதான்: உரிமத்தை நேர்வழியில்தான் வாங்க வேண்டும், ஆனால் அதற்கு எப்போதும் முழு விலை கொடுக்க வேண்டியதில்லை, பாதுகாப்புக்கோ சட்டத்துக்கோ தேவையான புதுப்பிப்பை விட்டுவிடக் கூடாது, மனித உதவிக்கான கட்டணத்தைத்தான் துணிந்து குறைக்கலாம்.

இந்தப் பிரிவினை வெறும் கற்பனை அன்று என்பதற்கு விண்டோஸ் 10 நல்ல சான்று. 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான இலவசப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தொடர்ந்து பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டும் என்ற நிறுவனங்களுக்கு, ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர் என்றும், அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இருமடங்காகும் என்றும் விலை வைத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 61, 122, 244 எனக் கூட்டினால் 427 டாலர். இரண்டாம் ஆண்டில் வந்து சேருபவர் முதல் ஆண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். இவ்வளவு கொடுத்தாலும் பொதுவான தொழில்நுட்ப உதவி அதில் அடங்காது. கிடைப்பவை திருத்தங்கள் மட்டுமே. அமெரிக்கச் சில்லறை விலைப்படி விண்டோஸ் 11 ப்ரோவின் முழு உரிமமே 199 டாலர்தான். அதாவது, புதுப்பிப்பு என்னும் ஒரு சரக்கு, உரிமத்தைக் காட்டிலும் விலை கூடியதாக இருக்க முடியும். அதே நேரத்தில், விண்டோஸ் 10-க்கு முறையான உரிமம் வைத்திருந்தவர்கள், கணினியின் வன்பொருள் தகுதி பெற்றிருந்தால், விண்டோஸ் 11-க்குக் கட்டணமின்றியே மாறிக்கொள்ள முடிந்தது.

புதுப்பிப்பை விட்டுவிடக் கூடாது என்று சொல்வதற்கு 2017 மே மாதத்தில் கணினிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டு உலகெங்கும் பரவிய வானாக்ரை தாக்குதலை நினைவுகூர்ந்தால் போதும். அது பயன்படுத்திக்கொண்ட ஓட்டைக்கான திருத்தம் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. திருத்தத்தை நிறுவியவர்கள் தப்பினார்கள். அவர்கள் யாரும் உதவி எண்ணை அழைத்து மணிக்கணக்கில் பேச வேண்டியிருக்கவில்லை.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன உரிமம் என்று பாருங்கள்

விண்டோஸ் உரிமம் அலுவலகங்களுக்கு மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. டெல், எச்பி, லெனோவோ போன்ற நிறுவனங்களின் கணினியோடு சேர்ந்தே வருவது ஓஇஎம் உரிமம். அது அந்தக் கணினியின் தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்டது. கணினி போனால் உரிமமும் போகும். அதற்கு உதவி செய்ய வேண்டிய பொறுப்பும் கணினியைத் தயாரித்த நிறுவனத்தினுடையதே தவிர, மைக்ரோசாஃப்ட்டினுடையது அன்று. கடையில் தனியாக முழு விலைக்கு வாங்குவது ரீடெய்ல் உரிமம். பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டு அதைப் புதிய கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். பல கணினிகளுக்குச் சேர்த்து ஒப்பந்தம் போட்டு வாங்குவது வால்யூம் உரிமம். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: கணினிகளுக்கான வால்யூம் விண்டோஸ் என்பது மேம்படுத்தும் உரிமம் மட்டுமே, அதன் அடியில் தகுதியான இன்னொரு விண்டோஸ் உரிமம் ஏற்கெனவே இருந்தாக வேண்டும்.

உங்கள் கணினியில் இருப்பது எது என்று அறிய, கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எஸ், எல், எம், ஜி, ஆர் என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டச்சு செய்யுங்கள். ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோட்டையும் அதை ஒட்டி டி, எல், ஐ என்னும் மூன்று எழுத்துகளையும் இட்டு எண்டர் பொத்தானை அழுத்துங்கள். தோன்றும் சிறு பெட்டியில், விளக்க வரியின் கடைசியில் ஓஇஎம், ரீடெய்ல், வால்யூம் ஆகியவற்றுள் ஒன்று எழுதியிருக்கும். எந்த ஒப்பந்தமும் போடாத ஒரு கடையின் கணினியில் வால்யூம் என்று வந்தால், அசெம்பிள் செய்து கொடுத்தவர் வேறு எவருடைய ஒப்பந்தத்துக்கோ உரிய எண்ணையோ உரிமச் சோதனையை ஏமாற்றும் ஒரு கிராக்கையோ போட்டிருக்கிறார் என்றே பெரும்பாலும் கொள்ளலாம். வால்யூம் முறையில் ஒரு வகையில், கணினி 180 நாள்களுக்குள் தன் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்புகொண்டு உரிமத்தைப் புதுப்பித்தாக வேண்டும். அப்படி ஒரு சர்வரே இல்லாத இடத்தில் இந்தப் புதுப்பிப்பு எப்படி நடக்கிறது என்பதை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும்.

இதிலிருந்து முழு விலை எங்கே நியாயம் என்பது புலப்படும். பிராண்டட் மடிக்கணினி வாங்குபவர் ரீடெய்ல் விண்டோஸ் வாங்குவது வீண். ப்ரோ பதிப்பு நிறுவப்பட்ட மடிக்கணினியையே கேட்டு வாங்கினால் போதும். ஹோம் பதிப்போடு வந்துவிட்ட கணினிக்கும் முழு உரிமம் தேவையில்லை, ப்ரோவுக்கு மாறும் கட்டணம் மட்டும் போதும்; அமெரிக்காவில் அது 99 டாலர். அந்த மாற்றம்கூட, அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் இணைப்பது, வெளியிலிருந்து அந்தக் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைவது போன்ற தேவை உள்ளவர்களுக்கு மட்டுமே. ரீடெய்ல் உரிமம் பயன் தருவது, கணினியை உதிரிப் பாகங்களாக வாங்கி அசெம்பிள் செய்து, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தாய்ப்பலகையை மாற்றும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான். உரிமம் கணினியைக் காட்டிலும் நீண்ட காலம் வாழப் போகிறது என்றால் முழு விலை கொடுங்கள்.

ஆஃபீஸ் தொகுப்பில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. மடிக்கணினியோடு இலவசமாக வந்ததாக நினைத்து ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021 பதிப்பில் அலுவலகத்தின் விலைப்புள்ளிகளையும் பில்களையும் தயாரிப்பவர்கள் உண்டு. அந்த உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கானது அன்று. ஒருமுறை பணம் கட்டி வாங்கும் பதிப்புக்கும் ஆயுள் வரையறை உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்: ஆஃபீஸ் 2021-க்கான புதுப்பிப்புகள் 2026 அக்டோபர் 13 வரைதான், 2024 பதிப்புக்கு 2029 அக்டோபர் 9 வரை. ஆகவே விலையை ஐந்தால் வகுத்துத்தான் ஆண்டுச் சந்தாவோடு ஒப்பிட வேண்டும். எல்லோருக்கும் இது வேண்டுமா என்பது அதற்கு முந்தைய கேள்வி. கடிதமும் எளிய அட்டவணையும் மட்டும் தயாரிக்கும் ஊழியருக்கு இலவசத் தொகுப்பான லிப்ரேஆஃபீஸ் போதும். மேக்ரோ எனப்படும் தானியங்கிக் கட்டளைகள் நிறைந்த எக்செல் கோப்புகளோடு நாள் முழுவதும் வேலை செய்பவருக்குப் போதாது. பத்துப் பேருக்கும் ஒரே உரிமம் என்ற ஒழுங்கு டீலருக்கு வசதி, நமக்கு அன்று.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "ஐரோப்பாவில் இது சட்டப்படி செல்லும்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். பயன்படுத்திய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று தரவுத்தள மென்பொருள் விற்கும் ஆரக்கிள் நிறுவனம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் பலருக்கான ஓர் உரிமத்தைத் துண்டாக்கி விற்கலாகாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. தவிரவும் அது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் அடிப்படையிலானது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி-யில், திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. வணிக ஆதாயத்துக்காகப் பயன்படுத்தாதவருக்கு நீதிமன்றம் சலுகை காட்டலாம் என்ற விலக்கும் அதில் உண்டு, ஆனால் ஓர் அலுவலகம் அதைக் கோர முடியாது.

ஆண்டுச் சந்தாவில் எது புதுப்பிப்பு, எது உதவி

தமிழ்நாட்டின் கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் இந்தக் கேள்வி கூர்மையாக எழுவது கணக்கு மென்பொருளான டேலியில்தான். அண்மைய விலைப்பட்டியல்படி, ஒருவர் பயன்படுத்தும் டேலிபிரைம் சில்வர் 22,500 ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. டிஎஸ்எஸ் எனப்படும் ஆண்டுச் சந்தா 4,500 ரூபாயும் ஜிஎஸ்டியும். பலர் ஒரே வலையமைப்பில் பயன்படுத்தும் கோல்டு 67,500 ரூபாய், சந்தா 13,500 ரூபாய். இரண்டிலும் சந்தா, உரிமத்தின் விலையில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. சந்தா முடிந்தாலும் நிரல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நின்றுபோவது புதிய வெளியீடுகளும், நிரலுக்குள்ளிருந்தே ஈ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவாகும் மின்னணு பில்) எடுப்பது போன்ற இணையவழிச் சேவைகளும்.

ஆகவே சந்தா தேவையா என்பதை உங்கள் தொழிலின் மீதுள்ள சட்டக் கடமைகள்தான் தீர்மானிக்கின்றன, உதவி எண்ணை எத்தனை முறை அழைத்தீர்கள் என்பது அன்று. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களுக்கு விற்கும்போது ஈ-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும். ஒரு நாளைக்கு நூறு பில் போடும் மொத்த வியாபாரி அதை நிரலுக்கு வெளியே, அரசுத் தளத்தில் தனியாக ஏற்றிக்கொண்டிருந்தால் ஓர் ஆளின் சம்பளமே அதற்குச் செலவாகும். அவருக்குச் சந்தா மலிவு. கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனமாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்ற விதி உண்டு. அந்த வசதி இல்லாத பழைய வெளியீட்டிலேயே தங்கியிருப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. மாறாக, ஐந்து கோடிக்குக் கீழே உள்ள ஒரு தனிநபர் கடை, பில் போட்டு மாதாமாதம் கோப்பை ஆடிட்டருக்கு அனுப்புவதோடு நின்றுவிடுகிறது என்றால், ஓராண்டு சந்தாவை விட்டுப் பார்ப்பதில் தவறில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது, பொருள்களின் விகிதத்தைப் பயனரே நிரலில் மாற்றிக்கொள்ள முடிந்தது. அதற்குப் புதிய வெளியீடு தேவைப்படவில்லை. தாக்கல் படிவத்தின் வடிவமே மாறும்போதுதான் புதிய வெளியீடு அவசியமாகிறது. விகித மாற்றத்தைக் காட்டி "சந்தா கட்டாவிட்டால் பில்லே போட முடியாது" என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

மனித உதவியை எடைபோடும் முறை

உதவிக்கான கட்டணம் மதிப்புள்ளதா என்று ஊகத்தால் சொல்ல முடியாது. மூன்று மாதங்களுக்கு ஒரு புகார்ப் பதிவேடு வையுங்கள். ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டே போதும். ஒவ்வொரு சிக்கலுக்கும் தேதி, எந்த நிரல், என்ன நடந்தது, யார் தீர்த்தார், வேலை எவ்வளவு நேரம் நின்றது என்ற ஐந்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பிறகு உட்கார்ந்து பிரித்தால் அவை நான்கு வகைக்குள் அடங்கும். ஊழியருக்குச் செய்யத் தெரியாமல் நின்றவை ஒரு வகை. பிரின்டர், இணையம், ஹார்டு டிஸ்க், மின்சாரம் சார்ந்தவை இன்னொரு வகை. நிரலிலேயே உள்ள பிழையால் வந்தவை மூன்றாவது. சட்டமோ படிவமோ மாறியதால் வந்தவை நான்காவது. முதல் இரண்டும் நிரலைத் தயாரித்தவரின் வேலையே அன்று. முதலாவதற்கு ஒரு நாள் பயிற்சி போதும். இரண்டாவதை ஏஎம்சி என்னும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருக்கும் உள்ளூர்ப் பொறியாளர், தொலைபேசியில் பேசும் எவரையும்விட விரைவாகத் தீர்ப்பார். மூன்றாவதும் நான்காவதும் மட்டுமே தயாரிப்பாளரைச் சாரும், ஏனென்றால் மூல நிரல் அவர்களிடம் மட்டுமே இருக்கிறது. அந்த இரண்டு வகையில் எத்தனை பதிவுகள் உள்ளன என்பதே உங்கள் அலுவலகத்துக்கான விடை. நான் பார்த்த சிறு அலுவலகங்களில் அவை குறைவாகவே இருந்திருக்கின்றன.

அடுத்து, வேலை நின்றால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்கிடுங்கள். மாதம் 20,000 ரூபாய் சம்பளத்தில், 200 மணி நேரம் வேலை செய்யும் ஐந்து பேர் கைகட்டி உட்கார்ந்தால் மணிக்கு 500 ரூபாய். அந்தக் கணக்கில் 13,500 ரூபாய்ச் சந்தா என்பது 27 மணி நேர முடக்கத்துக்குச் சமம். ஆனால் சம்பளம் மட்டுமே இழப்பு ஆகாது: லாரியில் சரக்கேற்றிய பிறகு, சரக்கு செல்லத் தேவையான ஈ-வே பில் எடுக்க முடியாமல் போனால் இழப்பு வேறு அளவில் இருக்கும். மாற்று வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈ-வே பில்லை அரசுத் தளத்திலேயே நேரடியாகவும் எடுக்கலாம் என்பது தெரிந்த ஊழியர் ஒருவர் இருந்தால் அந்த லாரி நிற்காது.

உதவி எண்ணின் தரத்தைப் பணம் கட்டும் முன்பே சோதிக்கலாம். சோதனைக் காலத்தில், காலைப் பொழுதில் அழைத்துப் பார்ப்பதில் பயனில்லை. மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாளான 20-ஆம் தேதியை ஒட்டி, மாலை ஐந்து மணிக்கு அழையுங்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், தமிழில் பேச ஆள் கிடைத்தாரா, முதலில் எடுத்தவர் உங்கள் கேள்வியைப் புரிந்துகொண்டாரா, அல்லது எழுதி வைத்ததை வாசித்தாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் "நான்கு மணி நேரத்தில் பதில்" என்று இருந்தால், அது நான்கு மணி நேரத்தில் தீர்வு என்று பொருள்படாது. உங்கள் புகார் கிடைத்தது என்று ஒருவர் சொல்வதே பல ஒப்பந்தங்களில் பதிலாகக் கொள்ளப்படும். வேலை நேரம் எது, ஞாயிற்றுக்கிழமை உண்டா, உங்கள் பக்கத்திலிருந்து யார் யார் அழைக்கலாம், புகாரின் தீவிரத்தை முடிவு செய்வது நீங்களா அவர்களா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம்.

பெரிய மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு

மருத்துவமனை, நூற்பாலை, கல்லூரி போன்ற இடங்களில் கணக்கு இதைவிடக் கடுமையானது. ஆரக்கிள் நிறுவனத்தின் ஆண்டு ஆதரவுக் கட்டணம் உரிமத்துக்குக் கொடுத்த தொகையில் 22 சதவீதம். கட்டணம் உயராமல் இருந்தாலும் ஐந்து ஆண்டுகளில் உரிமத்தின் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். இடையில் நிறுத்திவிட்டு மறுபடி சேர விரும்பினால், விட்ட காலத்தைக் கணக்கிட்டு, கடைசியாகக் கட்டிய ஆண்டுக் கட்டணத்தின் 150 சதவீத அளவில் மீள்சேர்ப்புக் கட்டணம் கேட்பார்கள். ஆகவே அங்கே "ஓராண்டு விட்டுப் பார்ப்போம்" என்பது செல்லாது; நிறுத்தினால் ஒரேயடியாக நிறுத்த வேண்டும். 2005-இல் தொடங்கப்பட்ட ரிமினி ஸ்ட்ரீட் போன்ற மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் ஏறத்தாழப் பாதி விலையில் ஆதரவு தருகின்றன, ஆனால் தயாரிப்பாளர் வெளியிடும் புதிய திருத்தங்களை அவர்களால் தர முடியாது. நிரல் பழையதாகி, மாற்றம் எதுவும் தேவைப்படாத, வெளியுலகோடு தொடர்பில்லாத சர்வருக்கு மட்டுமே அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

கட்டணமே இல்லாத வழியிலும் அபாயம் உண்டு. சர்வர்களில் ஓடும் இயங்குதளமான ரெட் ஹேட் லினக்ஸுக்குச் சந்தா கட்டாமல், அதன் இலவச மறுபதிப்பான சென்ட்ஓஎஸ்ஸைப் பல நிறுவனங்கள் பயன்படுத்தின. 2029 வரை புதுப்பிப்பு வரும் என்று நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8-ஐ 2021 இறுதியோடு நிறுத்துவதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ் என்னும் மாற்றுகள் விரைவில் வந்துவிட்டதால் சர்வரை இடம்மாற்றத் தெரிந்த ஆள் உள்ளவர்களுக்கு அது ஒரு வார இறுதி வேலை, இல்லாதவர்களுக்குப் பெரும் தலைவலி. முழு விலை கொடுத்தவர்களும் தப்பிவிடவில்லை: ஒரே சர்வரில் பல சர்வர்களை ஓட்டும் மென்பொருளைத் தயாரிக்கும் விஎம்வேரை 2023 நவம்பரில் வாங்கிய பிராட்காம் நிறுவனம், அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனையையும் அவற்றுக்கான ஆதரவைப் புதுப்பிப்பதையும் நிறுத்தி, எல்லோரையும் சந்தாவுக்கு மாறச் சொன்னது. ஆகவே நிரந்தர உரிமம் என்று விற்றாலும் அதற்கான ஆதரவு எத்தனை ஆண்டு, எந்த விலையில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் முழு விலை கொடுக்காதீர்கள்.

கட்டும் முன், நிறுத்தும் முன்

உரிமத்தை நிறுவனத்தின் பெயரிலும், நிறுவனத்துக்குச் சொந்தமான மின்னஞ்சலிலும் பதிவு செய்யுங்கள். டீலர் வசதிக்காகத் தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்துவிட்டால், பிறகு அவரோடு பிணக்கு வரும் நாளில் உங்கள் உரிமத்தை உங்களாலேயே வேறு கணினிக்கு மாற்ற முடியாமல் போகும். வேலையை விட்டுப் போகக்கூடிய ஊழியரின் சொந்த மின்னஞ்சலும் வேண்டாம். பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்தால் கட்டிய 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்பதால், பில் இல்லாமல் குறைத்துத் தருவதாகச் சொல்லும் விலை உண்மையில் குறைவானதா என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். முதல் ஆண்டுத் தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல், இரண்டாம், மூன்றாம் ஆண்டு விலையை எழுத்தில் கேளுங்கள். பல மென்பொருள்களின் ரெனிவல் தேதியை ஒரே மாதத்துக்குக் கொண்டுவந்தால், மொத்தமாகப் பேரம் பேச இடம் கிடைக்கும்.

சந்தாவை நிறுத்துவது என்று முடிவு செய்தால், காலாவதித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே கிடைக்கும் கடைசி வெளியீட்டை நிறுவி, நிறுவு கோப்பை ஒரு தனி டிஸ்கில் எடுத்து வையுங்கள். முறையாக வாங்கியவர் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52 இடம் தருகிறது. தரவை அந்த நிரலின் வடிவத்தில் மட்டுமல்லாமல், எக்செல் போன்ற பொது வடிவத்திலும் ஒருமுறை வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பிறகு சேர விரும்பினால் எந்தத் தேதியிலிருந்து கட்டணம் கணக்கிடப்படும், தண்டம் உண்டா என்பதை, இன்னும் வாடிக்கையாளராக இருக்கும்போதே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள்.